கேள்வி கேட்பவனின் அதிகாரம்: துப்பறியும் கணினி விளையாட்டுகளை முன்வைத்து

துப்பறியும் நாவலில் வாசகனுக்கு விசாரிக்கும் உரிமை கிடையாது. துப்பறிவாளன் கேட்பான், நாம் பின்னாலேயே போவோம். அந்த உரிமையை வாசகன் கையில் கொடுத்தது கணினி விளையாட்டுதான். 1982இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டெட்லைன்' முழுக்க எழுத்தாலான விளையாட்டு. விளையாட்டுக் கடிகாரப்படி 12 மணி நேரத்துக்குள் குற்றத்தை அவிழ்த்தாக வேண்டும். சந்தேக நபர்கள் நமக்காகக் காத்திராமல் தம்பாட்டுக்கு வீட்டில் நடமாடுவார்கள். ஆனால் முன்கூட்டி எழுதிவைக்காத பதில் எதுவும் அவர்கள் வாயிலிருந்து வராது.

1983இல் ஜப்பானில் யூஜி ஹோரி 'போர்ட்டோபியா தொடர்கொலை வழக்கு' விளையாட்டை உருவாக்கினார். நாம் தட்டச்சு செய்யும் உத்தரவுகளை நிறைவேற்றுபவன் உதவியாளன் யாசு. கடைசியில் பார்த்தால் கொலைகாரனே அவன்தான்! விசாரணை மொத்தமும் குற்றவாளியின் கை வழியாகவே நடந்திருக்கிறது. 2023இல் செயற்கை நுண்ணறிவுச் சோதனையாக இவ்விளையாட்டு மறுபடி வந்தபோது, ஆடுபவர் எழுதுவதைப் புரிந்துகொள்ள மட்டுமே எந்திரம் பயன்பட்டது. தகாத பதில்களை உண்டாக்கிவிடும் என்றஞ்சி, தானாகப் பேசும் திறனை நிறுவனம் எடுத்துவிட்டது.

அதன்பின் சந்தேக நபர்கள் தாமே பேசும் விளையாட்டுகளும் வந்துவிட்டன. அண்மையில் ஒன்றை ஆடினேன். அதிலிருந்த சமையல்காரியை, "நீதானே செஞ்சே? உண்மையச் சொல்லு" என்று திரும்பத்திரும்ப நெருக்கினேன். நான்காம் தடவை ஒப்புக்கொண்டுவிட்டாள். கத்தி, நேரம், காரணம் எல்லாம் கச்சிதம். கோப்பை மூடினேன். கொலையாளி வேறொருவன்!

பொய் சொல்லவேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. மொழி மாதிரி என்பது அடுத்து வரத்தக்க சொல்லைக் கோத்துக்கொண்டே போவது. அழுத்திக் கேட்பவனுக்கு இசைந்துபோகும் சுபாவமும் அதற்குண்டு. நடந்தது என்ன என்பது கதையை வகுத்தவர்களின் குறிப்பில் இருக்கிறது. அவள் பேச்சோ என் கேள்வியின் எதிரொலி.

இது நமக்கொன்றும் புதிதல்ல. போலீசிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்துக்குச் சான்றாக்கக் கூடாது என்றது 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. காலனிய அரசுக்கே தன் போலீசின்மேல் அவ்வளவு நம்பிக்கை! 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் 23ஆம் பிரிவாக அது தொடர்கிறது. ஆனாலும் லாக்கப்புகளில் வாக்குமூலங்கள் எழுதப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

சமையல்காரிக்கு உடம்பு கிடையாது, வலி கிடையாது. அடித்து வாங்கினேன் என்று சொல்லமுடியாது. ஆனால் அவள் ஒப்புக்கொண்ட கணத்தில் எனக்குள் ஒரு திருப்தி உண்டானது இல்லையா? அதைத்தான் விசாரிக்கவேண்டியிருக்கிறது.