பவானிபூர்க் கடைவீதிகள்

பவானிபூர், தென் கொல்கத்தாவின் பழைய குடியிருப்புப் பகுதிகளுள் ஒன்று. வடக்கே எல்ஜின் சாலைக்கும் தெற்கே ஹாஜ்ரா முக்குக்கும் இடைப்பட்டது. ஆசுதோஷ் முகர்ஜி சாலையும் ஹரிஷ் முகர்ஜி சாலையும் இதன் இரு பெரும் தெருக்கள். காளிகாட் கோயிலுக்குப் போகும் யாத்திரைப் பாதை இவ்வழியே சென்றதால் கைவினைஞர்கள் இங்கே முன்பே குடியேறினர். கன்னார் வாழ்ந்த காஞ்சாரிபாடாவும் சங்கறுப்போர் வாழ்ந்த சாங்காரிபாடாவும் இன்றும் தெருப்பெயர்களாக உள்ளன.

இங்கு வர மெட்ரோ ரயிலே வசதி. இந்தியாவின் முதல் மெட்ரோ 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடு நிலையத்திலிருந்து பவானிபூர் வரை, 3.4 கிலோமீட்டர் தொலைவுக்கு ஓடியது. பவானிபூர் நிலையத்துக்கு இப்போது நேதாஜி பவன் என்று பெயர். அடுத்த நிலையம், லாகூர்ச் சிறையில் 63 நாள் உண்ணாவிரதம் இருந்து 1929இல் உயிர்நீத்த ஜதீன் தாஸின் பெயர் தாங்கியது. இவ்விரு நிலையங்களுக்கு இடையே நடந்தே பார்த்துவிடலாம். காரில் வருவோர் பெரும்பாலும் நெரிசலைத்தான் பார்ப்பார்கள்.

பகுதியின் மையம் ஜதுபாபு பஜார். ராணி ராஷ்மணியின் பேரன் பெயரால் அழைக்கப்படுவது. உள்ளூர் வாயில் அது ‘ஜொகுபாபுர் பாஜார்’. காலையில் போனால்தான் சந்தை. நடுப்பகலில் பல கடைகள் கதவைச் சாத்திவிட்டு மாலையில் மறுபடி திறக்கும். மீன் பகுதியில் ரோகு, கட்லா, பாப்தா, இறால் ஆகியவை தரையோடு தரையாகப் பரப்பியிருக்கும். வியாபாரி ‘பொன்டி’ எனப்படும் பெரிய அரிவாள்மணையைக் காலால் அழுத்திக்கொண்டு, மீனை இரு கையாலும் பிடித்து அலகில் இழுத்து வெட்டுவார். முழு மீனை எடை போட்ட பிறகே வெட்டு. செதிலும் குடலும் விலைக்குள் அடக்கம். மழைக்காலத்தில் இலிஷ், அதாவது உல்லம் மீன் வந்துவிட்டால் மற்ற மீன்களுக்கு மவுசு குறையும். பெரிய மீனில் வயிற்றுத் துண்டு வேண்டுமா, முதுகுத் துண்டு வேண்டுமா என்று கேட்பார்கள். வயிற்றுப் பகுதியில் கொழுப்பு கூடுதல், முதுகில் முள் கூடுதல். தெரியாமல் தலையாட்டினால் முள்ளோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

துணிமணிக்கு இரண்டு பருவங்கள். வங்காளச் சைத்ர மாதத்தில், பங்குனியை ஒட்டி, நடைபாதைக் கடைகள் விலையைக் குறைத்துப் பழைய சரக்கைத் தள்ளும். தமிழகத்தின் ஆடித் தள்ளுபடி போன்றது இது. தமிழ்ப் புத்தாண்டை ஒட்டியே வரும் பொய்லா பொய்ஷாக் அன்று வணிகர்கள் புதுக்கணக்கு தொடங்கி, வாடிக்கையாளருக்கு இனிப்பும் நாட்காட்டியும் தருவர். அடுத்தது துர்கா பூஜைக்கு முந்தைய வாரங்கள். அப்போது பேரம் எளிதில் படியாது. பூஜை நாட்களில் பகுல்பாகான், சக்ரபேரியா பந்தல்களைக் காணவே கூட்டம் வரும். மணமான வங்காளிப் பெண்கள் அணியும் வெண்சங்கு வளையலையும் சிவப்பு வளையலையும் வாங்குவோர், விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து வாங்குவது நல்லது.

இனிப்பில் பத்மபுகூர் சாலையிலுள்ள பலராம் மல்லிக் கடை 1885இல் தொடங்கியது. பாலைத் திரித்து எடுத்த சானாவால் செய்யும் சந்தேஷ் இதன் அடையாளம். அதிகம் கிளறி இறுகச் செய்தது ‘கடாபாக்’, மென்மையானது ‘நரம்பாக்’. ஊருக்கு எடுத்துப்போக முன்னதே தாங்கும். குளிர்காலத்தில் ஈச்சம் பதநீரின் புதுவெல்லம் சேர்த்த சந்தேஷ் கிடைக்கும். பவானிபூர் வரும் காலத்தைத் தேர்ந்தெடுக்க இது ஒன்றே போதிய காரணம்.

வங்காளிகளோடு பஞ்சாபியரும் குஜராத்தியரும் இங்கே தலைமுறைகளாக வாழ்வதால் உணவு பலவகைப்படும். ஹரிஷ் முகர்ஜி சாலையிலுள்ள பல்வந்த் சிங் உணவகம் நள்ளிரவுக்குப் பின்னும் தேநீர் குடிப்போரை ஈர்க்கிறது. பாலில் கோலா கலந்த ‘தூத் கோலா’ அங்கே பெயர்பெற்றது, ஆனால் எல்லா நாவுக்கும் ஏற்றதல்ல. எல்ஜின் சாலையிலுள்ள ஃபோரம் வணிக வளாகம் குளிர்சாதனமும் நிலையான விலையும் தேடுவோருக்கானது. அதில் பவானிபூருக்கே உரியதென்று ஏதுமில்லை.

அதே எல்ஜின் சாலையில் 1909இல் சுபாஷ் சந்திர போஸின் தந்தை ஜானகிநாத் போஸ் கட்டிய வீடு இன்று நேதாஜி பவன் அருங்காட்சியகம். வீட்டுக்காவலில் இருந்த சுபாஷ் சந்திர போஸ் 1941 ஜனவரி 16 இரவு இங்கிருந்துதான் தப்பினார். அண்ணன் மகன் சிசிர் ஓட்டிய வாண்டரர் கார் இங்கே காட்சிக்கு உள்ளது. 1863 கடைசியில் இறந்த, எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸின் மகன் வால்டர் பவானிபூர் இராணுவக் கல்லறையில் புதைக்கப்பட்டார். அவருடைய கல்லறைக் கல் பின்னர் தென் பார்க் தெருக் கல்லறைக்கு மாற்றப்பட்டது.

தமிழர் சமையலுக்கான சாமான் ஜதுபாபு பஜாரில் தேடுவது வீண். ஜதீன் தாஸ் பார்க்குக்கு அடுத்த காளிகாட் நிலையத்தில் இறங்கி, ராஷ்பிஹாரி அவென்யூவில் லேக் மார்க்கெட்டுக்கு நடக்க வேண்டும். தென்னிந்தியர் நெடுங்காலமாகக் குடியிருக்கும் அந்தப் பகுதியில் வாழையிலை, கறிவேப்பிலை, முருங்கைக்காய், காபித்தூள், தொடுத்த பூ எல்லாம் கிடைக்கும். கடைக்காரர்களில் சிலர் தமிழிலேயே விலை சொல்வார்கள்.