இன்டர்ஸ்டேட் மாநிலப் பூங்கா

இன்டர்ஸ்டேட் மாநிலப் பூங்கா என்பது ஐக்கிய அமெரிக்காவில் செயிண்ட் குரோயி ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்துள்ள பொதுப் பூங்கா ஆகும். ஆற்றின் மேற்குக் கரை மினசோட்டா மாநிலத்தையும் கிழக்குக் கரை விஸ்கான்சின் மாநிலத்தையும் சேர்ந்தவை. இதனால் ஒரே பெயரில் இரண்டு பூங்காக்கள் எதிரெதிரே அமைந்து, இரு மாநில அரசுகளால் தனித்தனியே நிர்வகிக்கப்படுகின்றன. "மாநிலங்களுக்கு இடைப்பட்டது" என்பதே பெயரின் பொருள். ஆற்றங்கரை நடைபயணம், கூடாரத் தங்கல், பாறையேற்றம் ஆகியவற்றுக்காகவும், பனியூழியின் இறுதியில் உருவான ஆழமான பாறைக்குழிகளுக்காகவும் இப்பூங்கா அறியப்படுகிறது.

அமைவிடம்

மினசோட்டா பக்கத்தில் டெய்லர்ஸ் ஃபால்ஸ் என்ற சிற்றூரும், விஸ்கான்சின் பக்கத்தில் செயிண்ட் குரோயி ஃபால்ஸ் என்ற ஊரும் பூங்காவை ஒட்டி உள்ளன. இரண்டையும் ஆற்றின் மேலுள்ள பாலம் இணைக்கிறது. மினியாபொலிஸ், செயிண்ட் பால் ஆகிய இரட்டை நகரங்களிலிருந்து வடகிழக்காக ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் மகிழுந்தில் இங்கு வரலாம். விஸ்கான்சின் பூங்கா 500 எக்டேருக்கும் மேற்பட்ட பரப்புடையது. மினசோட்டா பூங்கா அதில் நான்கில் ஒரு பங்கு அளவே ஆகும்.

இரு ஊர்ப் பெயர்களிலும் "அருவி" எனப் பொருள்படும் சொல் உண்டு. ஆயினும் இன்று அங்கு அருவியைக் காண இயலாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீர்மின் உற்பத்திக்காக ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட அணையின் நீர்த்தேக்கத்தில் அது மூழ்கிவிட்டது. பூங்கா அணைக்குக் கீழே உள்ளது. பாறைச் சுவர்களுக்கு நடுவே ஆறு குறுகிப் பாயும் இப்பகுதி, பிரெஞ்சு மொழி வழிவந்த "டெல்ஸ்" என்ற சொல்லால் குறிக்கப்படுகிறது.

நிலவியல்

பூங்காவின் கரும்பாறைகள் பசால்ட்டு வகையைச் சேர்ந்தவை. ஏறத்தாழ 110 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் வட அமெரிக்கக் கண்டம் நடுவே பிளக்கத் தொடங்கியபோது, பிளவின் வழியே வெளிவந்த எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி இறுகியது. பிளவு முழுமை பெறாமல் நின்றுவிட்டதால் இங்குக் கடல் தோன்றவில்லை. பின்னர், 50 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இப்பகுதியை மூடிய ஆழமற்ற கடலின் படிவுகளே பசால்ட்டின் மேல் காணப்படும் மணற்கற்கள் ஆகும்.

இன்றைய பள்ளத்தாக்கு இப்பாறைகளை விட மிகவும் இளையது. கடைசிப் பனியூழியின் முடிவில், இன்றைய சுப்பீரியர் ஏரி உள்ள இடத்தில் பனியாறுகள் உருகிய நீர் பெரும் ஏரியாகத் தேங்கியது. கிழக்கு நோக்கிய வழியைப் பனி அடைத்திருந்ததால், ஏரியின் நீர் தெற்கே செயிண்ட் குரோயி வழியாகப் பெருக்கெடுத்து ஓடிக் கடினமான பசால்ட்டை அறுத்தது.

அவ்வெள்ளத்தின் சுழல்களில் சிக்கிய மணலும் கூழாங்கற்களும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சுழன்று, பாறையைத் துளையிட்டன. இவ்வாறு உருவானவையே குடக்குழிகள். கையளவுக் குழிகள் முதல் மனிதர் இறங்கி நிற்கக்கூடிய கிணறு போன்ற குழிகள் வரை இங்கு உள்ளன. "அடியற்ற குழி" எனப் பெயரிடப்பட்ட குழி ஏறத்தாழ 18 மீட்டர் ஆழமுடையது. உலகின் ஆழமான குடக்குழிகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. இக்குழிகள் இன்றைய ஆற்று மட்டத்துக்கு வெகு உயரத்தில் இருப்பது, அன்றைய வெள்ளத்தின் அளவைக் காட்டுகிறது.

வரலாறு

இப்பள்ளத்தாக்கு டக்கோட்டா, ஓஜிப்வே பழங்குடி மக்களின் வாழ்நிலமாக இருந்தது. 1837ஆம் ஆண்டு உடன்படிக்கைகளின் மூலம் அமெரிக்க அரசு இந்நிலங்களைப் பெற்றது. வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் காட்டு விளைபொருள்களைச் சேகரிக்கவும் தமக்குள்ள உரிமையை ஓஜிப்வே மக்கள் அவ்வுடன்படிக்கையில் தக்கவைத்துக்கொண்டனர். அவ்வுரிமை நெடுங்காலம் மறுக்கப்பட்டு வந்தது. 1999ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது இன்னும் செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

உடன்படிக்கைக்குப் பின்னர் மரவெட்டுத் தொழில் விரைந்து வளர்ந்தது. வடக்கே வெட்டப்பட்ட வெள்ளைப் பைன் மரங்கள் ஆற்றில் மிதக்கவிடப்பட்டுக் கீழேயுள்ள மர ஆலைகளுக்கு அனுப்பப்பட்டன. டெல்ஸ் பகுதியின் கூர்மையான வளைவில் அவை அடிக்கடி சிக்கிக்கொண்டன. 1886ஆம் ஆண்டில் ஏற்பட்ட பெரும் மர அடைப்பை நீக்கப் பல வாரங்கள் தேவைப்பட்டன. அதனைக் காணத் திரளாக மக்கள் வந்தனர்.

இதே காலத்தில் நீராவிப் படகுகளில் வந்த சுற்றுலாப் பயணிகளிடையே டெல்ஸ் பாறைகள் புகழ் பெற்றன. மறுபுறம், அப்பாறைகளை உடைத்துச் சல்லிக் கற்களாக்கும் எண்ணமும் எழுந்தது. ஆற்றின் ஒரு கரையை மட்டும் காப்பதால் பயனில்லை என்பதால், செயிண்ட் பால் நகரைச் சேர்ந்த ஜார்ஜ் ஹசார்ட் முதலானோர் இரு மாநிலங்களும் இணைந்து செயல்பட வேண்டும் என வலியுறுத்தினர். மினசோட்டா 1895ஆம் ஆண்டிலும் விஸ்கான்சின் 1900ஆம் ஆண்டிலும் தத்தம் பூங்காவை நிறுவின. விஸ்கான்சினின் மிகப் பழைய மாநிலப் பூங்கா இதுவே ஆகும்.

1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தின்போது, வேலையற்றோருக்கான அரசுத் திட்டங்களின் கீழ் இங்குப் பாதைகளும் கற்கட்டடங்களும் அமைக்கப்பட்டன. அவ்வாறு பணிபுரிந்தோர் விஸ்கான்சின் பக்கத்தில், அற்றுப்போன காட்டெருமை இனத்தின் எலும்புகளைக் கண்டெடுத்தனர். 1968ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தேசியச் சட்டத்தின் கீழ் முதன்முதலில் பாதுகாக்கப்பட்ட எட்டு ஆறுகளுள் செயிண்ட் குரோயியும் ஒன்று.

நடைபயணம்

மினசோட்டா பக்கத்தில் குடக்குழிகளைச் சுற்றிச் செல்லும் குறும்பாதையும், அங்கிருந்து ஆற்றங்கரை வழியே முகாமிடத்துக்குச் செல்லும் பாதையும் முதன்மையானவை. விஸ்கான்சின் பக்கத்தில் பாதைகள் மிகுதி. பாறை உச்சிகளின் மீதும், சிற்றேரியைச் சுற்றியும், காட்டின் ஊடாகவும் அவை செல்கின்றன. பனியூழித் தேசிய நெடும்பாதையின் மேற்கு முனை இங்குள்ள குடக்குழிப் பாதையிலேயே அமைந்துள்ளது. ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர் நீளமுள்ள இந்நெடும்பாதை, பனிப்படலத்தின் பழைய எல்லையைப் பின்பற்றி விஸ்கான்சினின் குறுக்கே மிச்சிகன் ஏரிக் கரை வரை செல்கிறது.

பாதைகள் நீளத்தில் குறைந்தவை எனினும், படிகளும் சீரற்ற பாறைகளும் மிகுந்தவை. மழைக்குப் பின்னர் பசால்ட்டு வழுக்கும். செங்குத்தான விளிம்புகள் பலவற்றில் தடுப்புகள் இல்லை.

முகாமிடல்

இரு பூங்காக்களிலும் முகாமிடங்கள் உள்ளன. கோடையிலும், இலைகள் நிறம் மாறும் இலையுதிர் காலத்திலும் கூட்டம் மிகும். எனவே முன்பதிவு செய்வது நன்று. வண்டி நுழைவுச் சீட்டை ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனியே பெறவேண்டும். ஒரு கரையின் சீட்டு மறு கரையில் செல்லாது.

விறகைத் தொலைவிலிருந்து கொண்டுவருதல் கூடாது. ஆசியாவிலிருந்து வந்த மரகதப் பச்சை நிற வண்டு ஒன்றின் புழுக்கள் ஆஷ் மரப் பட்டையின் அடியில் வாழ்ந்து மரத்தையே கொல்கின்றன. அவை விறகின் வழியே புதிய காடுகளுக்குப் பரவுகின்றன. வெப்பகாலத்தில் மான் உண்ணிகளால் லைம் நோய் பரவும் வாய்ப்பு உண்டு. ஆகவே, காட்டிலிருந்து திரும்பியதும் உடலைச் சோதித்துக்கொள்வது நலம்.

பாறையேற்றம்

இரட்டை நகரங்களின் பாறையேறிகள் பயிற்சி பெறும் இடங்களுள் இதுவும் ஒன்று. இங்குள்ள பசால்ட்டு கடினமானது. நேர்விளிம்புப் பிளவுகளும் வழவழப்பான முகப்புகளும் உடையது. உச்சியில் கட்டப்பட்ட கயிற்றின் துணையுடன் ஏறும் முறையும், ஏறுபவரே பிளவுகளில் கருவிகளைப் பொருத்திக்கொண்டு முன்னேறிப் பின்னர் அவற்றை அகற்றும் முறையும் வழக்கில் உள்ளன. மினசோட்டா பக்கத்தில் ஏறுவதற்குப் பூங்கா அலுவலகத்தில் அனுமதி பெறவேண்டும்.

பழக்கமற்றோர் கயிறின்றி விளிம்புகளில் ஏறுவதும், பாறையிலிருந்து ஆற்றில் குதிப்பதும் உயிருக்கு ஆபத்தானவை. ஆற்றின் மேற்பரப்பு அமைதியாகத் தோன்றினாலும், குறுகிய பகுதியில் நீர் மிக ஆழமாகவும் உள்ளோட்டம் வலிமையாகவும் இருக்கும்.

உயிரினங்களும் பாதுகாப்பும்

செயிண்ட் குரோயி ஆற்றில் ஏறத்தாழ 40 வகை நன்னீர் மட்டி இனங்கள் வாழ்கின்றன. நீரை வடிகட்டி உண்ணும் மட்டிகள் மாசுக்கு எளிதில் இரையாவதால், இவ்வளவு இனங்கள் எஞ்சியிருப்பது ஆற்றின் தூய்மைக்குச் சான்றாகும். இவற்றுள் சிறகு மேப்பிளிலை மட்டி 1991ஆம் ஆண்டில் அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. அப்போது அது எஞ்சியிருந்ததாக அறியப்பட்ட ஒரே இடம், அணைக்குக் கீழேயுள்ள இவ்வாற்றுப் பகுதியே ஆகும். அயல் இனமான வரிக்குதிரை மட்டி படகுகளில் ஒட்டிக்கொண்டு வந்து, உள்நாட்டு மட்டிகளின் ஓடுகளின் மேல் படர்ந்து அவற்றை அழிக்கவல்லது. எனவே, வேறு நீர்நிலைகளிலிருந்து படகு கொண்டுவருவோர் அதனைத் தூய்மை செய்து, நீரை வடித்து, உலர்த்திய பின்னரே ஆற்றில் இறக்குதல் வேண்டும்.