விளக்கொளி முதல் வீடியோ விளக்கு வரை: பெங்களூர்க் கண்டோன்மென்ட் தமிழர் திருமணங்களில் மணப்பெண் ஒப்பனை

அல்சூருக்கும் இந்திராநகருக்கும் நடுவில் உள்ள ஜோகுபாளையம், பெங்களூரின் பழைய கண்டோன்மென்ட்டை ஒட்டி வளர்ந்த தமிழ்க் குடியிருப்புகளில் ஒன்று. 1809-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ஆங்கிலேயப் படை இங்கு இடம் மாறியது. அதன் பின்னாலேயே ஆற்காட்டுப் பக்கமிருந்து வணிகரும் கட்டட வேலைக்காரரும் வந்து குடியேறினர். 1834-இல் மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவும் பெங்களூருக்கு வந்தபின் அல்சூர் ஏரியைச் சுற்றித் தமிழ் நிலைத்துவிட்டது. இந்தப் பகுதிப் பெண்ணின் கல்யாண அலங்காரத்தில் ஆற்காட்டு நலங்கு, கன்னட நாட்டு மொக்கு ஜடை, கண்டோன்மென்ட் ஸ்டூடியோவின் பவுடர் மூன்றும் கலந்து கிடக்கின்றன. நூறாண்டுகளில் இந்தக் கலவை மாறிய விதத்துக்கு அழகுசாதனக் கடைகளைவிடக் காமிராவே பெரிய காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பழைய சான்றுகளிலிருந்து தொடங்கலாம். அகநானூற்றின் 86, 136 ஆகிய இரு பாடல்களும் திருமண நாளை விரிவாகச் சொல்கின்றன. பந்தலும் புதுமணலும் விளக்கும் உழுத்தம்பருப்புச் சோறும் 86-இல் வருகின்றன. மகனைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டுகிறார்கள். நகையும் புத்தாடையும் உண்டு, முகப்பூச்சு பற்றிப் பேச்சே இல்லை. அதே தமிழில் ஒப்பனையை நுணுக்கமாகப் பட்டியலிடும் இடம் சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை. பத்து வகைத் துவர், ஐந்து விரை, முப்பத்திரண்டு ஓமாலிகை ஊறிய நீரில் கூந்தலைக் கழுவுவதில் தொடங்கிக் கால்விரல் அணிவரை அது போகிறது. ஆனால் அந்த அலங்காரம் மாதவிக்கு, ஆடல்மகளுக்கு. மணமகளுக்கு நீராட்டு, அரங்கேறுகிறவளுக்கு ஒப்பனை என்ற இந்தப் பிரிவினை நெடுங்காலம் நீடித்தது. அதை உடைத்தது 20-ஆம் நூற்றாண்டு.

நலங்கு என்பது அந்த நீராட்டின் தொடர்ச்சிதான். அத்தையும் பெரியம்மாவும் அக்கம்பக்கத்துச் சுமங்கலிகளும் ஒருவர் பின் ஒருவராக வந்து பெண்ணுக்கு மஞ்சள் பூசுவார்கள். பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, காய்ந்த ரோஜா இதழ் சேர்த்து அரைத்த மாவு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். கஸ்தூரி மஞ்சள் மணம் தரும், கறை விடாது. சடங்குக்குப் பூசும் விரலி மஞ்சளோ தோலில் ஒட்டிக்கொண்டு மறுநாள்வரை மினுக்கும். குத்துவிளக்கின் செம்மஞ்சள் ஒளியில் அந்த மினுக்குக்கு ஈடான ஒப்பனை கிடையாது. வாசல் பந்தலிலும் கூடத்திலும் கல்யாணம் நடந்த காலத்தில் பெண்ணைப் பார்த்த கண்கள் எல்லாம் நாலு முழத் தூரத்தில், அந்த ஒளியில் பார்த்தவை.

பிறகு காமிரா வந்தது. கண்டோன்மென்ட்டின் கடைவீதிகளில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஒளிப்பட ஸ்டூடியோக்கள் இருந்தன. அன்றைய தகடுகளுக்கு நீல ஒளியே நன்றாகப் படியும். சிவப்பு படியாது, மஞ்சளும் மங்கிவிடும். கண்ணுக்குப் பொன்னாகத் தெரிந்த மஞ்சள் முகம் படத்தில் கறுத்து விழுந்தது. குங்குமப் பொட்டு கரும்புள்ளியானது. பழைய கல்யாணப் படங்களில் பெண்கள் அத்தனை பேரும் இருண்டு தெரிவதற்கு வெட்கமோ வெயிலோ மட்டும் காரணமில்லை, பாதிக்கு மேல் வேதியியல். இதற்கு எளிய பரிகாரம் வெள்ளைப் பூச்சு. 1919-இல் பம்பாயில் ஈ.எஸ்.பட்டன்வாலா கொண்டுவந்த ஆப்கன் ஸ்னோவும், அதன் பின்னே வந்த ஸ்னோக்களும் டால்கம் பவுடர்களும் வீடுகளில் நுழைந்தன. ஸ்னோவைத் தடவி அதன்மேல் பவுடரை ஒற்றுவது ஒரு தலைமுறையின் முழு மேக்கப். வெளுப்பு மோகத்துக்கு சாதி, காலனி ஆட்சி எனப் பல வேர்கள் உண்டு. அதற்குக் கருவி ஒன்றைக் கையில் கொடுத்தது ஒளிப்படம் என்பது என் கணிப்பு.

பெங்களூர் தன் பங்குக்கு வாசனையைத் தந்தது. முதல் உலகப் போரால் சந்தன மர ஏற்றுமதி தடைப்பட்டபோது மைசூர் அரசு 1916-இல் சந்தன எண்ணெய் எடுக்கத் தொடங்கியது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் மன்னர், விஸ்வேஸ்வரய்யா திவான். பெங்களூரில் அரசு சோப்புத் தொழிற்சாலை பிறந்தது; மைசூர் சாண்டல் சோப் சீர்வரிசைத் தட்டிலேயே இடம் பிடித்தது.

முகத்துக்கான நுட்பமோ சென்னையிலிருந்து, சினிமா வழியாக வந்தது. எஸ்.எஸ்.வாசனின் ஜெமினி ஸ்டூடியோ மேக்கப் அறையை அங்கே வேலை பார்த்த அசோகமித்திரன் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்: பான்கேக் என்ற பூச்சு லாரி லாரியாகச் செலவானதையும், வங்காளி, மராட்டியர், தார்வார்க் கன்னடர், ஆந்திரர், தமிழர் என்று ஒப்பனைக்காரர்கள் கூடியிருந்ததையும் நகைச்சுவையோடு சொல்கிறார். அந்தப் பட்டியல் முழுக்க ஆண்கள். இந்திய சினிமாவில் மேக்கப் ஆண் வேலை, தலைவாரி விடுவது பெண் வேலை என்று சங்கங்கள் பல பத்தாண்டுகள் வகுத்து வைத்திருந்தன. ஒப்பனைக் கலைஞர் சாரு குரானா தொடுத்த வழக்கில் 2014 நவம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம்தான் அந்தத் தடையை நீக்கியது. சினிமா மூடிவைத்த கதவுக்கு வெளியே, பெண்கள் இந்தத் தொழிலைத் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட இடம் கல்யாண வீடு. வீட்டின் முன்னறையில் ஒரு கண்ணாடியும் நாற்காலியும் போட்டுத் தொடங்கிய பியூட்டி பார்லர்கள் அப்படிப் பெருகியவை. 1952-இல் டாட்டா தொடங்கிய லாக்மே உள்நாட்டிலேயே பொருள்களைக் கிடைக்கச் செய்தது. 2000-இல் சென்னையில் தொடங்கிய நேச்சுரல்ஸ் போன்ற சங்கிலிக் கடைகள் பின்னால் வந்தன.

கல்யாணம் வீட்டைவிட்டு மண்டபத்துக்குப் போனதும் வேலை இரட்டித்தது. அல்சூர்ப் பக்கமெல்லாம் முகூர்த்தத்துக்கு முந்தின மாலையே வரவேற்பு. இரவு பதினொரு மணிக்கு ஒரு மேக்கப்பைக் கலைத்து, விடிகாலை நான்கு மணிக்கு இன்னொன்றைப் போட வேண்டும். இரண்டுக்கும் நடுவே பெண் தூங்கினாளா என்று யாரும் கேட்பதில்லை.

ஜடையில்தான் உள்ளூர்க் கை தெரிகிறது. தமிழ் வழக்கில் தாழம்பூ மடலை நறுக்கித் தைத்து, ராக்கொடியும் ஜடைநாகமும் வைத்துப் பின்னுவார்கள். கன்னட நாட்டு மொக்கு ஜடை வேறு. மல்லிகை மொட்டுகள் வாய் திறக்கும் முன்பே வந்துசேர வேண்டும். வாழைப்பட்டை அல்லது அட்டையின் மேல் மொட்டுகளை ஒரே திசையில் வரிசையாக ஊசி நூலால் கோத்துத் தைப்பார்கள். ஒரு வரிசை கோணினால் ஜடை முழுக்கக் கோணும். நடுநடுவே கனகாம்பரமோ ஜரிகையோ வைத்து, முடித்ததைப் பின்னலின் மேல் கட்டுவார்கள். முந்தின இரவே தைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்தால், முகூர்த்த நேரத்தில் மொட்டுகள் மெல்ல விரியும். அல்சூர்ப் பக்கத் தமிழ்க் கல்யாணங்களில் இதைத் தமிழ் ஜடையாகவே எண்ணிக் கட்டுகிறவர்கள் உண்டு.

வீடியோ விளக்கு வந்தபின் பூச்சு தடித்தது. துல்லியமான டிஜிட்டல் காமிரா வந்தபோது தடித்த பூச்சு அப்படியே காட்டிக்கொடுத்தது, அதனால் ‘ஹெச்.டி. மேக்கப்’, ‘ஏர்பிரஷ்’ என மெல்லிய அடுக்குகள் வந்தன. சில பவுடர்கள் ஃபிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடித்து முகத்தில் சுண்ணாம்பு பூசியதுபோல் காட்டுவதால், இப்போது முன்னொத்திகையிலேயே செல்போன் ஃபிளாஷ் போட்டுப் பார்க்கிறார்கள். 1975-இல் வந்த வெளுப்புக் கிரீமான ஃபேர் அண்ட் லவ்லி 2020-இல் பெயர் மாற்றிக்கொண்டது. ஆனாலும் பெண்ணின் நிறத்தைவிட ஒரு படி வெளுப்பாக அடிப்பூச்சு எடுக்கும் பழக்கம் இன்னும் மாறவில்லை. கழுத்தும் கையும் ஒரு நிறம், முகம் வேறு நிறம் என்று ஆல்பங்கள் நிறைந்து கிடக்கின்றன. இதை நல்ல ஒப்பனை என்று சொல்ல முடியாது.

இந்த வரலாற்றுக்கு முதன்மை ஆவணம் குடும்ப ஆல்பங்கள்தாம். ஜோகுபாளையத்திலும் அல்சூரிலும் பாட்டி காலத்துக் கல்யாணப் படம் வைத்திருப்பவர்கள், அதன் பின்புறத்தில் ஆண்டு, மண்டபம் அல்லது தெரு, பெண்ணை அலங்கரித்தவர் யார் என்ற மூன்றையும் பென்சிலால் எழுதி வையுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே அதைச் செய்துவிடுங்கள்.