கட்டிக்கொண்டு போன படகுகள்

1915ஆம் ஆண்டு ஜூன் 8. லண்டன் தேம்ஸ் நதியில் ஒரு விசைப்படகை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது அடி நீளம், மெல்லிய மகோகனிப் பலகைகளால் ஆன உடல், இரண்டு பெட்ரோல் எஞ்சின்கள், முன்னால் ஒரு சிறு பீரங்கி. இலக்கைக் குறிபார்த்துச் சுட்டார்கள். குண்டு சரியாகப் போய் விழுந்தது. கூடவே பீரங்கியும், சுட்டவரும் ஆற்றில் விழுந்தார்கள். பீரங்கியைத் தளத்தோடு போல்ட் போட்டு ஒழுங்காக முறுக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் சிரிப்புக்காகச் சொல்கிறார்கள். அடுத்த நான்கரை மாதம் அந்தப் படகுக்கு என்ன நடந்தது என்று படித்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் படகும் அதன் ஜோடியும் கப்பலில் ஏறின, ரயிலில் ஏறின, சக்கர வண்டியில் ஏறி மலை தாண்டின, மிதவையில் ஏறி ஆறு கடந்தன, மறுபடி ரயில் ஏறின. போன இடம் ஆப்பிரிக்காவின் நடுவில் இருக்கும் தங்கனீக்கா ஏரி. வழி முழுக்க ஒரே கேள்விதான்: ஒன்றை இன்னொன்றோடு எப்படிக் கட்டுவது?

முதலில், ஏன் போக வேண்டியிருந்தது என்று பார்த்துவிடலாம். தங்கனீக்கா 650 கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஏரி. முதல் உலகப்போர் தொடங்கியபோது மேற்குக் கரை பெல்ஜியக் காங்கோ, கிழக்குக் கரை ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கா. ஏரியில் ஜெர்மானியர்களிடம் ஹெட்விக் ஃபான் விஸ்மான், கிங்கானி என்று இரண்டு ஆயுதமேந்திய சிறு கப்பல்கள். 1914 ஆகஸ்டிலேயே பெல்ஜியர்களின் நீராவிக் கப்பலைச் சுட்டு முடக்கிவிட்டார்கள். பிறகு ஏரி அவர்களுடையது. எந்தக் கரையில் வேண்டுமானாலும் படையை இறக்கலாம், தடுக்க ஆளில்லை. கடல் பக்கமாக வந்த பிரிட்டிஷ் படை 1914 நவம்பரில் டாங்கா துறைமுகத்தில் இறங்கி மோசமாகத் தோற்றுத் திரும்பியிருந்தது. அங்கே சிதறி ஓடிய படைப்பிரிவுகளில் ஒன்றின் பெயர் 63ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி. நம் ஊர்ப் பெயர் அந்தப் போரில் இப்படியும் பதிவாகியிருக்கிறது.

1915 ஏப்ரலில் ஜான் லீ என்ற யானை வேட்டைக்காரர் லண்டன் கடற்படைத் தலைமையகத்துக்கு வந்து ஒரு யோசனை சொன்னார். வேகமான சிறு மோட்டார் படகுகளை முழுசாகவே ஏரிக்குக் கொண்டுபோய் இறக்கலாம் என்றார். அட்மிரல் ஹென்றி ஜாக்சன் ஒப்புக்கொண்டார்.

'முழுசாக' என்பதுதான் இதில் முக்கியம். ஏனென்றால் அதே ஏரிக்கு ஜெர்மானியர்கள் வேறு முறையில் ஒரு கப்பலைக் கொண்டுவந்திருந்தார்கள். கிராஃப் ஃபான் கோட்ஸன் என்ற எழுபது மீட்டர் நீளக் கப்பலை 1913இல் ஜெர்மனியின் பாப்பன்பர்க் நகரில் மேயர் தளத்தில் கட்டினார்கள். பிறகு கழற்றி, 5000 பெட்டிகளில் அடைத்து, தார் எஸ் ஸலாம் வரை கப்பலிலும் அங்கிருந்து ரயிலிலும் கொண்டுவந்து, கிகோமாவில் மறுபடி சேர்த்தார்கள். 1915 பிப்ரவரியில் அது ஏரியில் இறங்கியது.

மென்பொருள் வேலை செய்கிறவன் என்பதால் இந்த இடம் எனக்குப் பழகிய இடம்தான். ஓடிக்கொண்டிருக்கும் பெரிய அமைப்பை இன்னோரிடத்துக்கு மாற்ற எங்களுக்கும் இரண்டு வழி உண்டு. துண்டு துண்டாகப் பிரித்துக் கொண்டுபோய் அங்கே சேர்க்கலாம். இல்லாவிட்டால், எதையும் தொடாமல் அப்படியே தூக்கிப் போகலாம். முதல் வழிக்கு நேரம் வேண்டும், சேர்க்கத் தெரிந்த ஆள் அந்த இடத்தில் வேண்டும். இரண்டாவது வழிக்கு வேண்டியதெல்லாம் வழியில் எதுவும் உடையாமல் இருப்பது. சொல்ல எளிது.

பிரிட்டிஷாருக்கு முதல் வழி கிடையாது. ஏரிக்கரையில் மாதக்கணக்கில் கப்பல் கட்டிக்கொண்டிருந்தால் எதிரி வந்து உடைத்துவிட்டுப் போவான். இரும்புத் தகட்டைக் கழற்றி மறுபடி ஆணி அறையலாம், மெல்லிய பலகைகளை வளைத்து இழைத்த படகைப் பிரித்துச் சேர்த்தால் அது பழைய படகாக இருக்காது. தமிழில் 'படகு கட்டுவது' என்றால் இரண்டு அர்த்தம். ஜெர்மானியர்கள் ஏரிக்கரையில் கப்பலைக் கட்டினார்கள். பிரிட்டிஷார் வண்டியில் படகைக் கட்டினார்கள்.

படகை வண்டியில் கட்டுவதில் என்ன பெரிய சங்கதி என்று தோன்றலாம். யோசிச்சுப் பார்த்தால் இருக்கிறது. தண்ணீரில் மிதக்கும்போது படகை ஒரு இடம் மட்டும் தாங்குவதில்லை. நனைந்த பரப்பு முழுவதையும் தண்ணீர் உள்ளங்கை மாதிரி ஏந்திக்கொள்கிறது. படகின் உடல் அந்தத் தாங்கலை நம்பித்தான் செய்யப்பட்டிருக்கிறது. அதைத் தூக்கி வண்டியில் வைத்தால், முழு எடையும் சில மரக்கட்டைகளின் மேல் வந்து உட்காரும். கட்டை தப்பான இடத்தில் இருந்தால் பலகை உள்வாங்கும். அதனால்தான் படகின் வளைவுக்கு ஏற்றபடி செதுக்கிய தொட்டில் தேவைப்படுகிறது. எடையில் பெரும்பகுதி அடிமரமான ஏராவில் இறங்க வேண்டும், பக்கத் தாங்கிகள் படகு சாயாமல் பிடித்தால் போதும். மீமி, டூடூ இரண்டுக்கும் தனித் தொட்டில்களும் அவற்றைத் தாங்கும் டிரெய்லர்களும் செய்யப்பட்டன.

அந்தப் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பயணத்தின் தளபதி ஜெஃப்ரி ஸ்பைசர்-சிம்சன் முதலில் வைக்க நினைத்தது பூனை, நாய் என்ற பெயர்களை. மேலிடம் மறுத்துவிட்டது. உடனே மீமி, டூடூ என்றார், அனுமதி கிடைத்தது. பிரெஞ்சில் பூனைக்கும் நாய்க்கும் குழந்தைகள் சொல்லும் சத்தம் அது என்று பிறகு விளக்கினாராம்.

தொட்டில் பாதி வேலைதான், மீதி கட்டு. இழுத்துச் செல்லப்படும் படகு நான்கு விதமாக நகரப் பார்க்கும். வண்டி சட்டென்று நின்றால் முன்னால் பாயும். மேட்டில் ஏறினால் பின்னால் வழுக்கும். வளைவில் பக்கவாட்டில் தள்ளும். பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறினால் மேலே துள்ளும். ஒரே கயிறு இந்த நான்கையும் தடுக்காது. இன்று நெடுஞ்சாலையில் டிரெய்லரில் படகை இழுத்துப் போகிறவர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். முன்பகுதியான அணியத்தை முன்தூணில் வைத்து இழுத்துக் கட்டுவார்கள். அந்தப் பட்டை அறுந்தால் பிடிக்க என்று தனியாக ஒரு சங்கிலி. பின்பக்கம் இரண்டு மூலையிலும் கீழ்நோக்கி இறுக்கும் பட்டைகள். நைலான் கயிறு இழுத்தால் நீளும், அதனால் அதிகம் நீளாத பாலியஸ்டர் பட்டையைத் தேர்ந்தெடுப்பார்கள். கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி, எல்லாக் கட்டையும் மறுபடி இறுக்குவார்கள். கிளம்பும்போது இறுக்கமாக இருந்த கட்டு, படகு தன் இடத்தில் நன்றாக உட்கார்ந்ததும் தளர்ந்திருக்கும்.

1915இல் அவர்களிடம் பாலியஸ்டர் இல்லை, ரோடும் இல்லை.

ஜூன் 15 அன்று படகுகள் இங்கிலாந்திலிருந்து கப்பல் ஏறின. ஜூலை 2 கேப் டவுன். அங்கிருந்து ரயிலில் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வடக்கே. ஆகஸ்ட் 5 அன்று காங்கோவின் ஃபுங்குருமேயில் தண்டவாளம் முடிந்தது. அடுத்த தண்டவாளம் சங்கிசியாவில், 146 மைல் தள்ளி, அதாவது 235 கிலோமீட்டர். நடுவில் மிதும்பா மலைத்தொடர். ஏற வேண்டிய உயரம் கடல்மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேல்.

நடுவில் இருந்தது காடு. மரம் வெட்டி, வேர் பிடுங்கி, வழி உண்டாக்கினார்கள். ஓடைகளின் மேலும் பள்ளங்களின் மேலும் மரங்களை அடுக்கிப் பாலம் போட்டார்கள். அப்படிப் போட்ட பாலங்கள் நூற்றைம்பதுக்கு மேல். படகு வண்டிகளை இழுக்க இரண்டு நீராவி இழுவை இயந்திரங்களும் மாடுகளும் இருந்தன. ஆகஸ்ட் நடுவில் கிளம்பி செப்டம்பர் 28 அன்று சங்கிசியா போய்ச் சேர்ந்தார்கள். ஆறு வாரம். நாளுக்குச் சராசரியாக ஆறு கிலோமீட்டர்கூட இல்லை.

ஏற்றத்தில் இயந்திரத்தால் மட்டும் முடியாதபோது கப்பிகளை மரங்களில் கட்டி, அவற்றின் வழியாக வடங்களை ஓட்டி இழுத்தார்கள். கப்பிகள் கூடக் கூட இழுக்கும் பலம் கூடும், அதே அளவுக்கு வேகம் குறையும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் அந்த இடத்தில் கப்பியைத் தாங்கும் மரம் பெயர்ந்தாலோ, படகைத் தொட்டிலோடு பிணைத்த கயிறு விட்டுக்கொடுத்தாலோ மொத்தப் பயணமும் அங்கேயே முடிந்தது. மாற்றுப் படகு கிடையாது. இறக்கம் இன்னும் மோசம். மேட்டில் வண்டியை முன்னாலிருந்து இழுத்தால் போதும். இறக்கத்தில் பின்னாலிருந்து பிடித்து, விட்டுவிட்டு இறக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி இழுப்பவர்களையே ஏறி மிதித்துவிடும்.

நீராவி இயந்திரத்துக்கு விறகும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். அது வறண்ட காலம். பக்கத்தில் ஓடை இல்லாத இடங்களில் உள்ளூர்ப் பெண்கள் மைல்கணக்கில் நடந்து, தலையில் தண்ணீர் சுமந்துவந்து கொதிகலனை நிரப்பினார்கள். இதைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் மேலே படிக்காமல் நிறுத்திவிட்டேன். ஒரு ஏரியில் மிதக்கப்போகும் படகுக்காக, அதை இழுக்கும் இயந்திரத்துக்காக, குடத்துக் குடமாகத் தண்ணீர் மலை ஏறியிருக்கிறது. பயணத்தில் இருந்த பிரிட்டிஷார் முப்பது பேருக்கும் குறைவு. பாலம் போட்டவர்கள், வடம் பிடித்தவர்கள், விறகு அடுக்கியவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள் எல்லாம் காங்கோ மக்கள்.

சங்கிசியாவிலிருந்து சிறு ரயில், பிறகு லுவலாபா ஆறு. தண்ணீர் குறைந்திருந்த ஆற்றில் படகுகள் தரை தட்டாமல் இருக்கப் பீப்பாய்களைக் கட்டி மிதக்கவிட்டார்கள். அங்கேயும் கட்டுதான். அக்டோபர் கடைசியில் மறுபடி ரயிலில் லுகுகா என்ற ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். டிசம்பர் 22, 23 தேதிகளில் டூடூவும் மீமியும் ஏரியில் இறங்கின. ஆறு மாதத்துக்கு முன் தேம்ஸில் மிதந்த அதே படகுகள், அதே பலகைகள்.

டிசம்பர் 26 அன்று கிங்கானியைப் பிடித்தார்கள். சண்டை நடந்தது பதினொரு நிமிடம். 1916 பிப்ரவரி 9 அன்று ஹெட்விக் மூழ்கியது. பெரிய கோட்ஸனோடு அவர்கள் மோதவேயில்லை. நிலத்தில் நிலைமை கைமீறியபோது, ஜூலையில் ஜெர்மானியர்களே அதை ஏரியில் மூழ்கடித்துவிட்டார்கள். எஞ்சின்களுக்கு நன்றாக கிரீஸ் பூசிவிட்டுத்தான் மூழ்கடித்தார்கள், என்றாவது மேலே எடுக்கலாம் என்று. 1924இல் பிரிட்டிஷார் எடுத்தார்கள். லியெம்பா என்ற பெயரில் அந்தக் கப்பல், கட்டப்பட்டு நூறாண்டு தாண்டியும், அதே ஏரியில் பயணிகளை ஏற்றிச் சென்றது.

ஸ்பைசர்-சிம்சனுக்குப் பதக்கம் கிடைத்தது. இன்று அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவர் உடம்பில் இருந்த பச்சையையும், அவர் அணிந்த பாவாடையையும் பற்றிப் பேசுகிறார்கள். இந்தச் சம்பவத்தின் தூண்டுதலில் சி. எஸ். ஃபாரஸ்டர் 1935இல் 'தி ஆஃப்ரிக்கன் குயின்' நாவலை எழுதினார். 1951இல் அது புகழ்பெற்ற சினிமாவும் ஆனது. அதில் நாயகனும் நாயகியும் ஒரு பழைய படகில் ஆற்றோடு போய் ஏரியை அடைகிறார்கள். அவர்கள் படகு மலை ஏறவில்லை. உண்மைக் கதையின் நெஞ்சான பகுதி கதையிலிருந்து சத்தமில்லாமல் போய்விட்டது.

அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எங்கள் வேலையிலும் ஒரு இரவு சர்வர் விழுந்தால் அதற்கு அறிக்கை உண்டு, கூட்டம் உண்டு, தேதியோடு பதிவு உண்டு. மற்ற முந்நூற்றுச் சொச்சம் இரவும் விழாமல் பார்த்துக்கொண்டவருக்கு எந்தப் பதிவும் இல்லை. தேம்ஸில் பீரங்கி விழுந்தது, அதனால் அது கதையானது. மிதும்பா மலையில் ஆறு வாரம் எந்தக் கட்டும் படகைக் கைவிடவில்லை. கைவிடாத கட்டுக்குக் கதை இல்லை, அதைக் கட்டிய கைக்குப் பெயரும் இல்லை.

நல்லவேளையாக அந்தக் கட்டு நின்றது என்று சொல்லி முடிக்கவும் மனம் வரவில்லை. யாருடைய ஏரி அது, யாருடைய சண்டை? கிழக்கு ஆப்பிரிக்கப் போர் முழுக்க மோட்டார் வண்டி போகாத இடத்தில் எல்லாம் மனிதர்கள்தான் சுமந்தார்கள். அந்தப் போரில் பிரிட்டிஷாருக்காகச் சுமந்தவர்களில் இறந்தவர்கள், அதிகாரபூர்வக் கணக்கிலேயே, நாற்பதாயிரத்துக்கு மேல். அதைப்போல இரண்டு மடங்கு இருக்கும் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. மீமிக்கும் டூடூவுக்கும் அளவெடுத்துத் தொட்டில் செய்தார்கள். எடை எங்கே இறங்க வேண்டும், எத்தனை கயிறு வேண்டும், எங்கே கட்டை வைத்தால் பலகை நோகாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். அந்தப் போரில் பாரம் சுமந்த தலைகளுக்கு அப்படி யாரும் கணக்குப் போடவில்லை.