கோபுரத்தில் வரகு

குடமுழுக்கின்போது கோபுரக் கலசங்களிலே வரகை நிரப்பி வைப்பது தமிழகத்து வழக்கம். நெடுநாள் கெடாத தவசம் என்பது காரணம். வரகு உச்சிக்கு ஏறிற்று; அதை விளைத்து உண்டவனோ வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டான்! உணவின் வரலாறு எழுதப் புகுவோர் இதனை மறத்தல் ஆகாது.

அந்த வரகு விளைந்த நிலங்களுள் ஒன்று பெரம்பலூர், அரியலூர் வட்டாரம். கொள்ளிடக் கரையிலே, திருமானூர்ப் பக்கம் நன்செய்; நெல் விளைகிறது. வடக்கே செந்துறை, குன்னம், வேப்பந்தட்டை எனச் செல்லச் செல்ல வானம் பார்த்த பூமி. வரகும் சோளமும் கம்பும் அங்கே உழைப்பாளியின் உணவு, கூலியும் அவையே. நெற்சோறு திருநாளில் மட்டும். கலத்தில் இருப்பதைக் கண்டே ஒருவனது சாதியையும் செல்வத்தையும் ஊரார் அளந்தனர்.

அரிசி அவனுக்கு வெறும் உணவா? மானம் அன்றோ! அண்ணா முதல்வரான 1967-இல் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிற்று. 2008-இல் கிலோ ஒரு ரூபாய் ஆயிற்று. 2011 முதல் இலவசம். ஏழை அரிசிக்கு மாறியது நாவின் ஆசையால் மட்டும் அன்று. வரகுக்குக் கடினமான உமி. திருகையிலே அரைத்து, உரலிலே குத்திப் புடைத்துச் சோறாக்குவதற்குள் பெண்ணின் தோள் ஓய்ந்துவிடும். பகலெல்லாம் களையெடுத்தவள் இரவிலே உலக்கை பிடித்தாள். (பழம்பெருமை பேசுவோர் ஒரு மரக்கால் வரகு குத்திப் பார்க்கட்டும்!)

2023-ஐப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தது. சிறுதானியம் குறைந்த நீரில் விளையும், வறட்சியைத் தாங்கும், நீர் தேங்கிய நெல்வயலைப்போல் மீத்தேன் எழுப்பாது. அறிவியல் உண்மை, மறுப்பதற்கில்லை. நகரத்துக் கடையிலே வரகரிசி அழகிய பையில், அரிசியினும் கூடிய விலையில் அமர்ந்திருக்கிறது. விளைந்த மண்ணிலோ? பெரம்பலூர்ப் புன்செயை மக்காச்சோளமும் பருத்தியும் பிடித்துக்கொண்டன. அந்த மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித் தீவனமாகி, முட்டையாகவும் இறைச்சியாகவும் உண்போரிடம் வருகிறது. 2018-இல் படைப்புழு புகுந்தபோது அதனை நம்பிய உழவர் பெருநட்டமுற்றனர்.

அரிசியைக் குறைத்துப் புவியைக் காப்பாற்று என ஏழைக்கு அறிவுரை கூறும் நண்பர்களே! உமி நீக்கும் எந்திரம் அவன் ஊரில் உண்டா? எட்டும் விலையில் வரகு உண்டா? நீலகிரியிலும் தருமபுரியிலும் 2 கிலோ அரிசிக்கு ஈடாகக் கேழ்வரகை 2023-இல் நியாயவிலைக் கடைகளில் வழங்கத் தொடங்கினர். வேப்பந்தட்டைக் கடைக்கு வரகும் அவ்வாறே வரட்டும். மக்கள் வாங்குவரா, மறுப்பரா என்பதைப் பின்னர் பேசுவோம்.