1801

1801 கிரெகோரியின் நாட்காட்டியில் வியாழக்கிழமை தொடங்கிய சாதாரண ஆண்டு. 19ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டு. போராலும் ஒப்பந்தத்தாலும் தமிழகத்தின் பெரும்பகுதி ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள் சென்றது இவ்வாண்டில்தான்.

தமிழகம்

1799இல் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டபின் பாளையங்கோட்டையில் சிறைவைக்கப்பட்டிருந்த அவர் தம்பி ஊமைத்துரை, பிப்ரவரி 2 அன்று தப்பினார். இடிக்கப்பட்டிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாட்களிலேயே மீண்டும் எழுந்தது. மே 24 அன்று அது கர்னல் அக்னியூவின் படையிடம் வீழ்ந்தது. சிவகங்கைச் சீமைக்குச் சென்ற ஊமைத்துரைக்கு அங்கு ஆட்சி நடத்திய மருது சகோதரர்கள் அடைக்கலம் தந்தனர். கம்பெனியுடன் பகை முற்றியது.

ஜூன் 16 அன்று சின்ன மருதுவின் ஜம்புத்தீவு அறிக்கை திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. ஒரு பாளையத்தின் உரிமைக்காக மட்டும் அது பேசவில்லை. கம்பெனியை எதிர்க்கச் சாதி, சமய வேறுபாடின்றி எல்லா மக்களையும் அது அழைத்தது. கம்பெனியிடம் ஊழியம் செய்த சிப்பாய்களையும் நோக்கிப் பேசியது. 1857 கிளர்ச்சிக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே எழுந்த இவ்வழைப்பு, இந்திய விடுதலை வரலாற்றில் முன்வரிசையில் வைக்கத்தக்கது.

அவர்களின் அரணான காளையார்கோயில் வீழ்ந்தபின் பிடிபட்ட மருது சகோதரர்கள் அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். நவம்பர் 16 அன்று ஊமைத்துரைக்குப் பாஞ்சாலங்குறிச்சியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

போர் நடந்துகொண்டிருந்தபோதே, ஜூலை 31 அன்று கர்நாடக உடன்படிக்கை கையெழுத்தானது. ஆர்க்காட்டு நவாப் உம்தத்துல் உமரா இறந்த சில நாட்களில் அசீமுத்தௌலாவைப் பட்டத்தில் அமர்த்திய கம்பெனி, ஆட்சியதிகாரத்தையும் வரிவசூலையும் தானே எடுத்துக்கொண்டது. நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் பட்டப்பெயரும் மட்டுமே நவாபுக்கு மிஞ்சின.

பிற இந்தியப் பகுதிகள்

ஏப்ரல் 12 அன்று ரஞ்சித் சிங் பஞ்சாபின் மகாராஜாவாக முடிசூடினார். நவம்பர் 10 உடன்படிக்கையின்படி அயோத்தி நவாப் சாதத் அலிகான் ரோகில்கண்ட் உள்ளிட்ட பாதி நாட்டைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார்.

உலகம்

ஜனவரி 1 அன்று பிரித்தானியாவும் அயர்லாந்தும் ஒரே முடியரசாக இணைந்தன. மார்ச் 4 அன்று தாமஸ் ஜெபர்சன் அமெரிக்காவின் மூன்றாம் குடியரசுத் தலைவரானார். அதே மாதத்தில் ரஷ்யப் பேரரசர் முதலாம் பவுல் கொல்லப்பட்டார். அவர் மகன் முதலாம் அலெக்சாந்தர் அரியணை ஏறினார். எகிப்திலிருந்த பிரெஞ்சுப் படை ஆங்கிலேயரிடமும் உதுமானியரிடமும் சரணடைந்தது.

அறிவியல்

ஜனவரி 1 அன்று பலெர்மோவில் கியூசெப்பே பியாசி சியரீசு என்னும் சிறுகோளைக் கண்டார். சில வாரங்களில் அது சூரிய ஒளியில் மறைந்தது. கிடைத்த சில அளவீடுகளைக் கொண்டே 24 வயது கார்ல் பிரீடிரிக் காஸ் அதன் பாதையைக் கணித்தார். அவர் காட்டிய இடத்துக்கு அருகில் டிசம்பர் 31 அன்று சியரீசு மீண்டும் தென்பட்டது. எண்கோட்பாட்டுக்கு அடித்தளமிட்ட காஸின் நூலும் இவ்வாண்டிலேயே வெளிவந்தது. செருமானிய அறிஞர் யோகான் ரிட்டர் புறஊதாக் கதிர்களைக் கண்டறிந்தார்.