உடுக்கை சொன்ன கதையும் தண்ணிக்குள் போன ஊரும்

சேலம், நாமக்கல் பக்கத்திலிருந்து படிக்க வந்த நம்மில் பலருக்கு அண்ணன்மார் கதை புதிதல்ல. நோம்பிக்கு ஊருக்குப் போய் ராத்திரி முழுக்கக் கதை கேட்டுவிட்டு, மறுநாள் முதல் பீரியடிலேயே தூங்கி வழிந்த நண்பர்களை ஹாஸ்டல்வாசிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

பொன்னர், சங்கர், தங்கை அருக்காணித் தங்காள். இவர்கள் கதையை ஒருவர் உடுக்கை அடித்துப் பாட, இன்னொருவர் பின்பாட்டுச் சொல்வார். பல இரவுகள் போகும். கடைசியில் படுகளம். அதுதான் விசேஷம். அதுவரை கீழே உட்கார்ந்து கதை கேட்ட ஊர்க்காரர்களே அருள் வந்து, போரில் மாண்ட வீரர்களாக மண்ணில் விழுவார்கள். தங்காள் தண்ணீர் தெளித்து அவர்களை எழுப்ப வேண்டும். மணப்பாறை பக்கம் வீரப்பூரில் மாசித் திருவிழாவில் இது பெரிய அளவில் நடக்கிறது. இது வரலாறா, கதையா என்று பட்டிமன்றமே வைக்கலாம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. சொல்பவர், கேட்பவர், நடிப்பவர் எல்லோரும் ஒரே ஜனம். டிக்கெட்டும் இல்லை, திரையும் இல்லை.

1965இல் பிரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆய்வாளர் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி, இந்தக் கதையை டேப் ரிக்கார்டரில் பதிவு செய்தார். பாடகர் கூட்டத்தின் முன் பாடியது ஒன்று, எழுதிக்கொள்ள வசதியாகச் சொல்லிக் கொடுத்தது ஒன்று. ஒப்பிட்டால் இரண்டும் ஒன்றல்ல. கேட்க ஆள் இருந்தால்தானுங்களே கதைக்கு உசுரு வரும்? 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனம் இதைத் தமிழும் ஆங்கிலமுமாகப் புத்தகமாக வெளியிட்டது.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் கால்குவிட் என்றொரு சிற்றூர். ஊர்க்காரர்களிடம் பேட்டி எடுத்து, அவர்கள் சொன்னதையே நாடகமாக்கி, 1992 முதல் அவர்களே நடிக்கிறார்கள். நாடகத்தின் பெயர் ஸ்வாம்ப் கிரேவி. பழைய பருத்திக் கிடங்குதான் அரங்கம். பருத்தி என்றதும் நம் ஊர் ஜின்னிங் ஃபேக்டரிகள் ஞாபகம் வருகிறது. அங்கே மேடையேறியது சாமி கதையோ ராஜா கதையோ அல்ல, சாதாரண ஜனங்கள் பட்ட பாடு. படுகளம் கண்ட நமக்கு இதொன்றும் கஷ்டமான வித்தையில்லை.

நம்மிடம் அப்படி என்ன கதை இருக்கிறது என்கிறீர்களா? மேட்டூர் இருக்கிறதே! 1925இல் வேலை தொடங்கி 1934இல் முடிந்த அணை. முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. இதெல்லாம் என்ஜினீயர்களான நமக்கு மனப்பாடம். ஆனால் நீர்த்தேக்கப் பரப்புக்குள் குடியிருந்த ஜனங்கள் சட்டிபானையோடு எங்கே போனார்கள் என்று எந்தப் பாடத்தில் படித்தோம்? தண்ணீர் நன்றாக இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் நந்தி தலைகாட்டும், பழைய சர்ச் கோபுரம் தெரியும். பேப்பரில் போட்டோ வரும், அத்தோடு சரி.

எங்கள் அம்மாயியின் தாயார் அந்தப் பக்கம் பிறந்தவர். வீட்டுக் கதவையும் நிலவையும் பெயர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்ததாகச் சொல்வாராம். அம்மாயி அதை எனக்குச் சொன்னதுண்டு. கிணத்தைத்தான் கொண்டாற முடியலே என்பதையும் சேர்த்துத்தான் சொல்வார். இந்த ஒரு வரிக்குள்ளேயே ஒரு காட்சி இருக்கிறது. எந்த ரெக்கார்டிலும் இது ஏறியிருக்காது. நேரில் பார்த்த தலைமுறை ஏறக்குறைய முடிந்துவிட்டது. கேட்டு வளர்ந்தவர்களுக்கே இப்போது எண்பதை ஒட்டிய வயது.

நடிக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. அதே மேட்டூர் வட்டத்தில் தெருக்கூத்து, பொம்மலாட்டக் கலைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஏர்வாடியிலிருந்து 'மணல்வீடு' இதழ் நடத்தும் எழுத்தாளர் மு. ஹரிகிருஷ்ணன் அவர்களோடேயே நின்று வேலை செய்கிறார். மாணவத் தம்பி தங்கைகள் லீவுக்குப் போகும்போது பாட்டியைப் பேச விட்டு செல்போனில் பதிவு செய்யட்டும். குறுக்கே பேசாமல் இருந்தால் போதும். எழுதிய பிறகு அதே பாட்டிக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவர் வேண்டாம் என்பதை எடுத்துவிட வேண்டும். நடிப்பது கூத்துக்காரர்களும் அந்த ஊர் ஜனங்களும்தான். நம் ஆட்கள் லைட்டு, மைக்செட் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு சிக்கல். கோடையில் தண்ணீர் இறங்கினால் பண்ணவாடிக் கரையிலேயே போட்டுவிடலாம். இறங்காவிட்டால் எங்கே போடுவது என்று அந்த ஊர்ப் பெரியவர்களைத்தான் கேட்க வேண்டும்.